ஃபார்வர்டை நம்பி வேலை தேடும் மாணவர்களுக்கு

சென்னையில் எந்தக் கல்லூரியின் இறுதியாண்டு வகுப்பில் கேட்டாலும், மாணவர்களின் கைப்பேசிகளில் வேலைவாய்ப்புத் தகவலுக்கென்றே சில வாட்ஸ்அப் குழுக்களும் டெலிகிராம் சேனல்களும் இருக்கின்றன. 'ஃப்ரெஷர்கள் தேவை, உடனே விண்ணப்பிக்கவும்' என்று நாள் முழுவதும் வரும் செய்திகளில் ஒன்றிரண்டைத் திறந்து ரெஸ்யூமேயைப் பதிவேற்றி, அதே செய்தியை நண்பர்களுக்கும் அனுப்பிவிட்டால், அன்றைய வேலை தேடல் முடிந்தது என்ற நிறைவு பலருக்கு ஏற்பட்டுவிடுகிறது. பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களுக்குப் புதிய பட்டதாரிகளைத் தேர்வு செய்யும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கும் எனக்கு, சமூக ஊடகத்தால் கிடைக்கும் பயன்களிலேயே மிகக் குறைவானது இதுதான் என்று தோன்றுகிறது.

காரணம் எளிமையானது. ஓர் அறிவிப்பு குழுக்களில் சுற்றத் தொடங்கும்போது விண்ணப்பங்கள் ஏற்கெனவே குவிந்திருக்கும். பட்டம், தேர்ச்சி பெற்ற ஆண்டு, மதிப்பெண், அரியர் ஆகியவற்றை வைத்து முதல் வடிகட்டல் நடக்கும். அதைத் தாண்டியவற்றையும் முழுமையாகப் படிக்க எங்களுக்கு நேரம் இருப்பதில்லை. அந்த நிலையில், நிறுவனத்திலேயே பணிபுரியும் ஒருவர் 'இந்தப் பையனின் வேலையைப் பார்த்திருக்கிறேன்' என்று சொல்லி அனுப்பும் ரெஃபரல் விண்ணப்பம்தான் முதலில் திறக்கப்படுகிறது. இது நியாயமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக, திருவள்ளூர் பக்கத்திலிருந்தோ வடசென்னையிலிருந்தோ படிக்க வரும் ஒரு பெண்ணுக்கு டைடல் பூங்காவில் மாமாவோ சித்தப்பாவோ இருக்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவரைப் போன்றவர்களுக்குத்தான் சமூக ஊடகம் மற்ற எவரையும்விட அதிகமாக உதவ முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று காட்டினார். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தொலைவில் இருப்பவர்தான் நாம் அறியாத வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருகிறார். வேலை சார்ந்த தொடர்புகளுக்கான சமூக ஊடகமான லிங்க்ட்இனின் பயனாளர்கள் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோரை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2022இல் வெளியான ஆய்வும், மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத இடைப்பட்ட அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு மிகுதியாக உதவுவதைக் கண்டது. ஒரே வகுப்பில் படிக்கும் அறுபது பேர் ஒரே குழுவில் ஒரே செய்தியைப் பரிமாறிக்கொள்வதால் ஏன் பெரிய பலன் கிடைப்பதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

அந்த இடைப்பட்ட அறிமுகம் ஒவ்வொரு மாணவருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. லிங்க்ட்இனில் உங்கள் கல்லூரியின் பக்கத்துக்குச் சென்று முன்னாள் மாணவர்கள் பகுதியைத் திறந்தால், யார் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், எந்தப் பிரிவில் பணிபுரிகிறார் என்று பிரித்துப் பார்க்கலாம். உங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னால் படித்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்களுக்கு வேலை தேடிய நாள்களின் நினைவு இன்னும் மறைந்திருக்காது. அவர்களுக்கு என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'சார், ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று ரெஸ்யூமேயுடன் வரும் செய்திக்குப் பதில் எழுத எவருக்கும் வழியில்லை. அதற்கு மாறாக, 'அக்கா, நீங்கள் படித்த துறையில் இறுதியாண்டு படிக்கிறேன். நீங்கள் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்திருப்பதைப் பார்த்தேன். நானும் செலினியம் என்ற சோதனை மென்பொருளைக் கற்று, எங்கள் துறை இணையதளத்தைச் சோதித்துக் கண்ட பிழைகளை எழுதி வைத்திருக்கிறேன். இணைப்பைக் கீழே தந்திருக்கிறேன். சேர்ந்த புதிதில் உங்களுக்கு எது கடினமாக இருந்தது என்று நேரம் கிடைக்கும்போது சொல்ல முடியுமா?' என்று எழுதிப் பாருங்கள். இதில் வேலை கேட்கப்படவில்லை. பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது, செய்து முடித்த ஒரு காரியமும் இருக்கிறது. எல்லோரும் பதில் எழுதிவிட மாட்டார்கள். எழுதுபவர்களோடு தொடர்பை விடாமல் வைத்திருந்தால், இடம் காலியாகும்போது அவர்களே உங்களை நினைத்துக்கொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சுயவிவரப் பக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். சான்றிதழ்களின் படங்களை வரிசையாக ஏற்றுவதைவிட, கணினி மாணவர் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கும் ஒரு நிரலும், வணிகவியல் மாணவர் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் என்ன செய்தார் என்று தன் சொந்த நடையில் எழுதிய பத்து வரிகளும் எங்கள் கண்ணில் நிற்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த பதிவுகள் எல்லாம் ஒரே அச்சில் இருப்பதால், அவற்றை நாங்கள் படிப்பதே இல்லை. ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, உங்களுடையதாக இருக்கட்டும்.

வேலை தேடுகிறோம் என்று ஊருக்கே தெரியும்படி அறிவித்து, கைப்பேசி எண்ணையும் பொதுவில் வைத்துவிட்டால், எங்களுக்கு முன்பாக மோசடிக்காரர்கள் அழைப்பார்கள். லிங்க்ட்இனில் அந்த விருப்பத்தை ஆட்சேர்ப்பாளர்களுக்கு மட்டும் காட்டும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். பிரபல நிறுவனத்தின் சின்னத்துடன் ஆஃபர் லெட்டர் வரும். அனுப்பிய முகவரி இலவச ஜிமெயிலாக இருக்கும். பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம், திருப்பித் தரப்படும் பயிற்சிக் கட்டணம் என்று பெயர் மாறினாலும், 'பேக்டோர்' வழியாக உள்ளே அனுப்புகிறோம் என்று காதில் ஓதினாலும், கேட்பது பணம்தான். வேலை தருவதற்குப் பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்ல. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று தொடங்கி, முதலில் சிறு தொகையைத் தந்து, பிறகு பெருந்தொகையைக் கட்டச் சொல்வதும் இந்த வகையே. இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, கமிஷன் கிடைக்கிறதே என்று தன் வங்கிக் கணக்கை மற்றவர் பயன்படுத்தக் கொடுக்கும் மாணவர்களின் நிலை. அந்தக் கணக்கு வழியாகச் செல்வது வேறொருவரிடம் ஏமாற்றிய பணம். கணக்கு முடக்கப்பட்டு, காவல்துறை விசாரணையில் முதலில் நிற்கப்போவது கணக்கின் சொந்தக்காரரே.

வெளிநாட்டு வேலை விளம்பரங்களில் இன்னும் கவனம் வேண்டும். தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனைப் பணி என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து, தகவல் தொழில்நுட்பம் படித்த இளைஞர்களைச் சட்டவிரோதமாக மியான்மருக்குக் கடத்திச் சிறைபோல அடைத்து வைப்பதாக, இந்திய வெளியுறவு அமைச்சகம் செப்டம்பர் 2022இல் எச்சரிக்கை வெளியிட்டது. முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கான அரசு அதிகாரியான குடிபெயர்வோர் பாதுகாவலரின் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. நேர்காணலுக்கு விடுதி அறைக்கு வரச் சொன்னால் பெண்களும் ஆண்களும் போகவே வேண்டாம்.

சந்தேகம் வந்தால், நீங்கள் ஏற்கெனவே பழகி வைத்திருக்கும் சீனியரிடம் உங்களுக்கு வந்த ஆஃபர் லெட்டரை அனுப்பிக் கேளுங்கள். அந்த நிறுவனத்தில் இருப்பவருக்கு அது போலி என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பணம் போய்விட்டிருந்தால், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி நாள் கடத்தாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். அவமானமாக இருக்கிறதே என்று உரையாடலை அழித்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணும் அவர்களின் கைப்பேசி எண்ணும் அதில்தான் இருக்கின்றன. கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அதே செய்தி உங்கள் வகுப்பில் இன்னும் பலருக்குச் சென்றிருக்கும்.