கரண்ட் இருந்தும் கம்பி இல்லை

2012-ல் சென்னைக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு அந்த மின்வெட்டு மறந்திருக்காது. ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் உண்டு. உற்பத்தி போதவில்லை என்பது பாதிக் கதைதான். வேறு மாநிலங்களில் மின்சாரம் விலைக்குக் கிடைத்தபோதும் அதைத் தெற்கே கொண்டுவரப் போதுமான லைன் இல்லை. குடோனில் அரிசி இருக்கிறது, லாரி வர ரோடு இல்லை என்கிற கதை. இதில் கொடுமை என்னவென்றால், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும் மாதங்களில், லைன் தாங்காது என்று சில நேரம் காற்றாலைகளையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

லைன் ஏன் தாங்காது? கம்பியில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சூடான கம்பி நீளும், நீண்டால் ஈரப் போர்வை போட்ட கொடி மாதிரி தொய்யும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் இப்படித் தொய்ந்த லைன்கள் மரத்தில் பட்டு அடுத்தடுத்து ட்ரிப் ஆனதில்தான் நியூயார்க் வரை இருண்டது. மின்னழுத்தத்தை ஏற்றினால் அதே மின்சாரத்தைக் குறைந்த ஓட்டத்தில் அனுப்பலாம், 400, 765 கிலோவோல்ட் என்று போவது அதற்காகத்தான்.

இன்னொரு சிக்கல், மின்சாரம் நாம் சொன்ன வழியில் போகாது. இருக்கிற எல்லாப் பாதையிலும், எதில் தடை குறைவோ அதில் அதிகமாக, தானே பிரிந்து ஓடும். ஒரு லைன் விழுந்தால் அதன் சுமை அந்த நொடியே மற்ற லைன்களின் தலையில் ஏறிவிடும். ஆகவே தலா 1,000 மெகாவாட் தாங்கும் இரண்டு லைன் இருந்தால், இரண்டிலும் சேர்த்து 1,000 மட்டும் அனுப்புவதுதான் பத்திரம். ‘பாதி காலியாத்தானே கிடக்கு, எதுக்குப் புது லைன்?’ என்று கேட்பவர்கள் கவனிக்காத இடம் இது.

2012 ஜூலை 30 அன்று பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் ட்ரிப் ஆனது, வட இந்தியா மொத்தமும் இருண்டது. மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொள்ள, 60 கோடிப் பேர் வாழும் பகுதியில் மின்சாரம் இல்லை. தெற்கு தப்பித்தது. காரணம், நம் கிரிட், அதாவது தெற்கின் மின்கம்பி வலை, அப்போது மற்ற கிரிட்களோடு மாறுமின்னோட்டத்தின் (ஏ.சி.) ஒரே துடிப்பில் இணையவில்லை, சில நேர்மின்னோட்ட (டி.சி.) இணைப்புகள் வழியாக மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. நம்மைப் பட்டினி போட்ட அதே பிரிவு அன்று காப்பாற்றியது!

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்து அந்தப் பிரிவு முடிந்தது. அப்புறம் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட லைன். 6,000 மெகாவாட் தாங்கும். இதில் எவ்வளவு போக வேண்டும் என்பதை முனையில் இருக்கும் கருவிகளே தீர்மானிக்கும், காற்று சீசனில் திசையைத் திருப்பி வடக்கே அனுப்பவும் முடியும்.

இந்த டவர்கள் எல்லாம் யாரோ ஒருவரின் வயலில்தான் நிற்கின்றன. கொங்குப் பகுதி விவசாயிகள் எதிர்த்துப் போராடியதை ‘வளர்ச்சிக்குத் தடை’ என்று எழுதியவர்கள் மேலே சொன்ன தொய்வை நினைத்துப் பார்க்கலாம். 400 கிலோவோல்ட் லைனுக்கே 46 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும், தொய்ந்த கம்பி மரத்தில் படக் கூடாது என்பதால் அதற்குள் தென்னை நிற்கக் கூடாது.