பால்வாடி: சொல் விளக்கம்

குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ மூன்று வயதுப் பிள்ளை காலையில் எங்கே போகிறது என்று கேட்டால், "பால்வாடிக்கு" என்பார்கள். பலகையில் 'அங்கன்வாடி மையம்' என்றோ 'குழந்தைகள் மையம்' என்றோ இருக்கும். பழைய வடஆற்காடு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்த பின்பும் வாய்ச்சொல் மாறவில்லை.

அங்கே சத்துமாவும் சோறும் முட்டையும் கிடைப்பதால், 'பால்' என்பதைக் குடிக்கும் பாலாகவே பலர் எண்ணுகிறார்கள். அது வடமொழி 'பால', அதாவது குழந்தை. பாலகன், பாலர் என்று நமக்கும் பழகியதே. 'வாடி' என்றால் அடைப்பு, தோட்டம். விறகுவாடி, மரவாடி, வாடிவாசல் ஆகியவற்றில் இருப்பதும் அடைப்பைக் குறிக்கும் 'வாடி'தான். (காட்பாடி, வாணியம்பாடியின் 'பாடி' வேறு சொல்.) ஆக, பால்வாடி என்பது குழந்தைத் தோட்டம். ஜெர்மனியில் ஃபிரோபெல் 1840இல் தம் பள்ளிக்குச் சூட்டிய 'கிண்டர்கார்டன்' என்ற பெயருக்கும் இதுவே பொருள்.

'அங்கன்' என்பது வீட்டு முற்றம். தமிழில் இது 'அங்கணம்'. ஆனால் 720ஆம் குறளில் அது அமிழ்தத்தைக் கொட்டக்கூடாத அழுக்கு இடம். மராட்டியப் பகுதியில் தாராபாய் மோதக் போன்றோரின் குழந்தைக் கல்விப் பணியில் வளர்ந்த 'அங்கன்வாடி' என்ற பெயரை, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் பரப்பியது.

அத்திட்டத்தின் ஆறு சேவைகளில் ஒன்று, மூன்று முதல் ஆறு வயதுவரை முன்பருவக் கல்வி. 'குழந்தைகள் மையம்' என்ற பெயரில் அந்தக் கல்வி தெரியவே இல்லை. சோறு போடும் இடம் என்று மட்டும் நினைத்து, பீடி சுற்றியும் தோல் தொழிற்சாலைக்குப் போயும் சேர்த்த பணத்தைத் தனியார் 'ப்ரீ-கேஜி'க்குக் கட்டும் தாய்மாரைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பாட்டும் கதையும் நிறம் பிரிப்பதும் மணி கோப்பதும் பால்வாடியிலும் உண்டு. அந்த வயதுக்கு அதுதான் படிப்பு.

தமிழில் என்ன சொல்லலாம்? 'மழலையர் பள்ளி' எல்கேஜி, யுகேஜிக்கு நிலைத்துவிட்டது. அதற்கு முந்தைய நிலைக்கு 'முன்மழலையர் வகுப்பு' என்பது சரிதான், ஆனால் நாவில் புரளாது. ஈழத்தமிழர் வழங்கும் 'முன்பள்ளி' சுருக்கமானது, கேட்டதுமே விளங்குவது. இடத்துக்கு முன்பள்ளி, அங்கே நடப்பதற்கு முன்பருவக் கல்வி என்று எழுதலாம். பேச்சில் பால்வாடி அப்படியே இருக்கட்டும்; பலகையில் மட்டும் 'அரசு முன்பள்ளி' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.