விளக்குத் திரிப் பஞ்சும் ஒன்றரை வயதுக் காதும்

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் அம்மா, அப்பா, பாட்டி பரிவாரத்தோடு வந்தான். இரண்டு நாளாக வலது காதைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறானாம். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். செவிப்பறை தெரியவேண்டிய இடத்தில் வெள்ளையாக எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. பஞ்சு. சாமி விளக்குக்குத் திரி போடப் பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சு. சனிக்கிழமை சாயங்காலம், சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டையொட்டி நடக்கும் சிங்கே அணிவகுப்பு பார்க்கக் கிளம்பும்போது, வெடிச் சத்தத்தில் பிள்ளை பயந்துவிடப்போகிறானே என்று இரண்டு காதிலும் வைத்துவிட்டிருக்கிறார். இடது காதில் வைத்தது வழியிலேயே விழுந்துவிட்டது. வலது காதில் வைத்ததை அவனே விரலால் உள்ளே தள்ளிக்கொண்டான்.

ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, சிங்கே என்று இந்தப் பருவத்தில் காதில் பஞ்சோடு என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை இவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(நான் ஆடியாலஜிஸ்ட். கேட்கும் திறனை அளப்பது என் வேலை. எல்லாரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் திருத்தி அலுத்துவிட்டேன். பஞ்சை எடுக்க அவனைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம்தான் அனுப்பினேன்.)

பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூரில் 1972இல் பட்டாசுக்குத் தடை வந்தது. பட்டாசில்லாத புத்தாண்டு களையிழந்து போகக்கூடாதென்று 1973இல் தொடங்கியதுதான் சிங்கே. பின்னர் மலாய், இந்தியக் குழுக்களும் சேர்ந்துகொண்டன. சிங்க நடனத்தின் தாளம், மலாய்க்காரர்களின் கொம்பாங் மேளம், உறுமி எல்லாவற்றையும் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேறு எங்கே முடியும்? நான் என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவள்தான். பட்டாசின் இடத்தை நிரப்ப வந்த ஊர்வலம் பட்டாசைவிடச் சத்தமாகிவிட்டதே என்று வேலைப் புத்தி மட்டும் அவ்வப்போது முணுமுணுக்கும்.

பஞ்சு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். காதில் வைத்த பஞ்சு குறைக்கும் சத்தம் மிஞ்சிப்போனால் ஏழெட்டு டெசிபல். பிள்ளைகளுக்கான நல்ல இயர்மஃப் (காதை முழுதாக மூடும் உறை) சரியாகப் பொருந்தினால் இருபதுக்கு மேல் குறைக்கும். பஞ்சு காற்றுப் போகிற பொருள், சத்தமும் அதே வழியாகப் போகும். பிள்ளைக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை, பெரியவர்களுக்கு மட்டும் மனத் திருப்தி.

இனி என்னை மிகவும் எரிச்சலூட்டும் விஷயம். பையனின் அப்பா சொன்னார்: "வாணவேடிக்கை நேரத்துல அவன் நல்லா தூங்கிட்டான் டாக்டர். அதனால காதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. தூங்குவது மூளை, காது இல்லை. கண்ணை மூட இமை இருக்கிறது, காதை மூட ஒன்றும் கிடையாது. தூங்கும் பிள்ளையின் செவிப்பறையும் அதிரும், நத்தை எலும்பு என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அதற்குள் இருந்து சத்தத்தை நரம்புக்குக் கொடுக்கும் மயிரணுக்களும் வளையும். விழித்திருக்கும் பிள்ளைக்கு எவ்வளவோ அவ்வளவே. நம்பிக்கை வரவில்லையா? உங்கள் பிள்ளை பிறந்தபோது மருத்துவமனையில் காதைச் சோதித்திருப்பார்களே, அப்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது? தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கட்டும் என்று காத்திருந்துதான் அந்தச் சோதனையைச் செய்வோம். தூங்கும்போது காதும் தூங்கும் என்றால் அந்தச் சோதனையே நடக்காது.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அழுகிற பிள்ளையைப் பெற்றவர்கள் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள், அவன் காது தப்பிக்கும். தூங்குகிற பிள்ளையோ ஸ்பீக்கருக்கு முன்னால் தள்ளுவண்டியிலேயே கிடப்பான். 'பாவம், சமத்தாகத் தூங்குகிறான், எழுப்ப வேண்டாம்' என்று நிகழ்ச்சி முடியும்வரை உட்கார்ந்திருப்போம். சத்தம் பழகிவிட்டதால் அவன் தூங்கவில்லை. எட்டு மணிக்குப் படுக்கிற பிள்ளை ஒன்பதரைக்கு அசந்துபோகிறான், அவ்வளவுதான். உரத்த சத்தம் கேட்டால் நடுக்காதின் சின்னத் தசை இறுகி ஓரளவு காப்பாற்றும், உண்மைதான். ஆனால் அது இறுகுவதற்குள் வெடி வெடித்து முடிந்திருக்கும்.

சின்னப் பிள்ளைகளின் காதுத் துவாரம் குட்டையாக இருப்பதால், அதே சத்தத்தின் உயர்ந்த சுருதிப் பகுதி நமக்குக் கேட்பதைவிட அவர்களுக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். வெடிபோலத் திடீரென வரும் சத்தத்துக்குப் பெரியவர்களுக்கு 140 டெசிபல், பிள்ளைகளுக்கு 120 என்று உலகச் சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருப்பதை நினைவில் வையுங்கள். ஒரு காதில் சுமார் 15,000 மயிரணுக்கள். பிறக்கும்போது கொண்டுவந்ததுதான், செத்தால் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பாட்டி விடவில்லை. "நாங்கல்லாம் கோயில்ல அதிர்வேட்டுப் போடுற இடத்துலயே நின்னு வளந்தவங்கதானம்மா?" என்றார். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான், ஊரில் தாத்தா டிவி வைத்தால் தெருமுனை வரை கேட்கிறது என்று சலித்துக்கொண்டிருந்தார். தாத்தாவுக்கு வயது எழுபத்தெட்டு, வயதானாலும் காது மங்கும், பழி முழுவதையும் வேட்டின் மேல் போட மாட்டேன். ஆனாலும், "தாத்தாவும் அங்கேதானே நின்றார், பாட்டி?" என்று கேட்டேன். அப்புறம் அவர் பேசவில்லை.

வாணவேடிக்கை சில நிமிடங்களில் முடிந்துவிடும். நான் அதைவிட அதிகம் பயப்படுவது ஸ்பீக்கருக்கு. வேலையிடங்களில் பெரியவர்களுக்கு வகுத்திருக்கும் கணக்கைச் சொல்கிறேன்: 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். மேடை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் 100 சர்வ சாதாரணம். நீங்கள் உட்கார்ந்திருப்பதோ இரண்டு மணி நேரம். போதாக்குறைக்கு, நன்றாகத் தெரியட்டும் என்று பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறோம். கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர் இருப்பது சரியாக அந்த உயரத்தில்தான். அப்பாவின் காதுக்கு முன்னால் நிற்கிற கூட்டம் கொஞ்சம் மறைப்பு. மேலே இருக்கும் பிள்ளையின் காதுக்கு அதுவும் இல்லை.

ஆகவே போய் உட்கார்ந்ததும் முதலில் ஸ்பீக்கர் எங்கே என்று பாருங்கள், மேடை எங்கே என்று அப்புறம் பார்க்கலாம். பக்கத்தில் இருந்தால் இடம் மாறுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். வாணவேடிக்கைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. வெளிச்சம் கண்ணுக்கு உடனே வரும், சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேலே பூ விரிந்ததும் 'ஆயிரத்தொன்று' என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும்வரை வெடிச் சத்தம் வராவிட்டால் நல்ல தூரத்தில்தான் இருக்கிறீர்கள். விரிவதும் வெடிப்பதும் ஒன்றாகக் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போங்கள். போனில் எடுக்கும் காணொளி எங்கேயும் ஓடிவிடாது, அப்புறம் எடுக்கலாம். அந்தப் போனில் சத்தத்தை அளக்கும் செயலியை வைத்துக்கொண்டு "95தான் காட்டுது" என்று வாதாடவும் வேண்டாம். போன் மைக்கால் வெடியை ஒழுங்காக அளக்க முடியாது.

இயர்மஃப் வாங்கும்போது குழந்தை அளவு, ஈஎன் 352 என்ற ஐரோப்பியத் தர முத்திரை, இரண்டையும் பாருங்கள். விழா அன்றைக்கு முதல் தடவையாக மாட்டினால் கழற்றி எறிந்துவிடுவான், நானாக இருந்தாலும் எறிவேன். பத்து நாள் முன்பிருந்தே வீட்டில் குக்கர் விசிலடிக்கும்போதும் மிக்சி ஓடும்போதும் விளையாட்டாக மாட்டிப் பழக்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மாலை முழுவதும் போட்டு வைக்கவும் கூடாது. சத்தம் அடங்கும்போது கழற்றி வியர்வையைத் துடைத்துவிடுங்கள். விமானத்தில் மாட்டுகிற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் இதற்கு மாற்று இல்லை. நுரை அடைப்பான் சின்னப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம், காதிலிருந்து வாய்க்குப் போய்விடும். மூன்று மாதக் கைக்குழந்தையா? யாராவது ஒருவர் வீட்டில் இருங்கள். தயவுசெய்து.

விழாவில் விற்கும் மினுங்கும் மோதிரம், முயல் காது இதெல்லாம் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கும். மூடிக்குத் திருகாணி இல்லையென்றால் வாங்காதீர்கள். அது காதிலோ மூக்கிலோ போனால் சொட்டு மருந்து விடாதீர்கள், ஈரம் பட்டால் புண் இன்னும் மோசமாகும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாய் வெந்துவிடலாம். இரண்டுக்கும் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) திறக்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது, நேரே அவசரப் பிரிவு.

வீட்டுக்கு வந்தபின் பெரிய பிள்ளை 'காதுக்குள்ள மணி அடிக்குது', 'தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு' என்பான். சின்னவனுக்குச் சொல்லத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாமலோ காதை இழுத்துக்கொண்டோ இருப்பான். மறுநாளும் அப்படியே இருந்தால் கூட்டி வாருங்கள். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிட்டு வராதீர்கள். அதை வழித்தெடுக்கவே எங்களுக்குப் பாதி நேரம் போகிறது.

பஞ்சை எடுத்த பிறகு பையனைச் சோதித்தேன். உயர்ந்த சுருதியில் இரண்டு காதுமே கொஞ்சம் மந்தம். மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது அந்தக் குறை இல்லை. "அப்ப சரியாயிடுச்சுதானே?" என்றார் அப்பா. என் கருவிக்குத் தெரிகிற அளவில் சரிதான் என்றேன். 2009இல் எலிகளிடம் நடந்த ஆய்வு ஒன்றில், சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் பழையபடி திரும்பியும், மயிரணுவை நரம்போடு சேர்க்கும் இணைப்புகளில் நிறைய அழிந்துபோயிருந்தன. மனிதர்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. அவரிடம் அவ்வளவையும் விளக்கவில்லை, பயந்துவிடுவார்.

பாட்டி பையிலிருந்து நீல நிற இயர்மஃப் ஒன்றை எடுத்துக் காட்டினார். பையன் அதைப் பிடுங்கிக் கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டான், காதில் வைக்க விடவில்லை. ஆகஸ்ட் 9 தேசிய தினத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது பாட்டி, தினமும் குக்கர் வைக்கும்போது பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.