கொல்லைக் கணப்பும் வெடித்த கருங்கல்லும்

நான் கட்டிக்கொடுத்த முதல் கணப்பு, அதாவது தோட்டத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் மேடை, பற்ற வைத்த இரண்டாம் நாளே வெடித்தது. மார்கழி மாதம், ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் பின்புறத் தோட்டம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த குடும்பம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறது. திடீரென்று பட்டாசு மாதிரி ஒரு சத்தம். அடியில் போட்டிருந்த கருங்கல் பலகையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து தெறித்து, ஒரு நாற்காலிக்குக் கீழே போய் விழுந்திருக்கிறது. அந்த நாற்காலியில் இருந்த பையன் சற்று முன்புதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான்.

தப்பு என்னுடையது. காரைக்குடியைச் சுற்றிப் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் எனக்குத் தொழில். சுண்ணாம்பு தெரியும், தேக்கு தெரியும், ஓடு தெரியும். நெருப்பு தெரியாமல் நெருப்புக்கு வீடு கட்டிவிட்டேன். "கருங்கல்லுக்கு என்ன சார் ஆகும், கோயிலே நிக்குது" என்று மேஸ்திரி சொன்னார். நானும் தலையாட்டினேன்.

இப்போது வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பாதிப் பேர் புதிதாகக் கட்ட, மீதிப் பேர் வேறு யாரோ கட்டி விரிசல் விட்டதைச் சரி செய்ய. பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் தோட்டத்தில் ஒரு நெருப்பு மேடை வேண்டும். போனில் படம் காட்டுவார்கள். படத்தில் பனி கொட்டும், நம் தோட்டத்தில் தென்னை மட்டை விழும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"நம்ம ஊருக்கு எதுக்குத் தம்பி குளிர்காயற இடம்?" என்று பள்ளத்தூரில் ஒரு ஆச்சி கேட்டார்கள். நியாயமான கேள்வி. மார்கழியிலும் விடியற்காலை வெப்பம் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கணப்பு இங்கே குளிருக்காக இல்லை, உட்காருவதற்காக. நகரத்தார் மார்கழியில் கும்பிடும் பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறவர்கள், மாவில் வைத்து ஏற்றிய திரியான இழையை எடுத்துக்கொண்ட பிறகு, ஆளுக்கொரு அறையில் போனைப் பார்க்காமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமென்றால் நடுவில் ஏதாவது வேண்டும். கொஞ்ச நேரம் பேசியபின் அந்த ஆச்சியே, "கல்யாணத்தப்போ கொல்லையில கோட்டை அடுப்பு எரியுமே, வேலைக்காரங்க எல்லாம் அதைச் சுத்தித்தான் உக்காந்திருப்பாங்க" என்றார்கள்.

அந்தக் கோட்டை அடுப்பை நான் அப்போதே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அண்டா அண்டாவாகச் சோறு வடித்த அடுப்புகளில் சிமெண்டும் கிடையாது, கருங்கல் பலகையும் கிடையாது. மண்ணைத் தோண்டி, செங்கல்லை அடுக்கி, களிமண்ணைப் பூசிவிடுவார்கள். நெருப்பு தொடுகிற இடமெல்லாம் மண். ஃபயர் பிரிக் என்று கடையில் விற்கும் தீக்கல்லும் அதே வம்சம்தான். வெப்பம் தாங்கும் ஒருவகைக் களிமண்ணை மிக அதிகச் சூட்டில் சுட்டது. நெருப்பு தொடும் இடத்தில் சுட்ட மண்ணும் களிமண் சாந்தும் மட்டும், மற்றதெல்லாம் அதற்கு வெளியே. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கருங்கல் ஏன் வெடிக்கிறது? கல் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. மேல் தோல் சுட்டு விரியும்போது அடிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும். தோல் பெயரும். அதோடு கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற தாது 573 டிகிரியில் சட்டென்று பருக்கும். நல்ல விறகுத் தணல் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். இதற்கு மேல் ஈரம். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். கல்லின் நுண்ணிய விரிசலுக்குள் அது எங்கே போகும்? அழகுக்காக ஆற்றுக் கூழாங்கல்லை நெருப்புக்குள் அடுக்குகிறார்கள், அது இன்னும் ஆபத்து. நம் பக்கத்துச் செம்புராங்கல்லும் உடம்பெல்லாம் ஓட்டை உள்ளது, மழைத் தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும். வெளிச்சுவருக்கும் உட்காரும் திண்ணைக்கும் அருமையான கல். உள்ளே வேண்டாம்.

சிமெண்ட் வெடிக்காமலும் போகலாம், ஆனால் உதிரும். 400, 500 டிகிரிக்குள் சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து தன் ஈரத்தை விட்டுப் பொடியாக ஆரம்பிக்கும். "ஒரு கரண்டி சிமெண்ட் சேத்துக்கிட்டா பிடிப்பா இருக்கும் சார்" என்று எந்த மேஸ்திரியும் சொல்லாமல் இருந்ததில்லை. நான் இப்போது தீக்கல் வேலை நடக்கிற இரண்டு நாளும் சிமெண்ட் மூட்டையை வீட்டின் முன்பக்க முகப்பில் வைத்துவிடுகிறேன். தோட்டத்துக்கு வருவதற்குள் அந்த நினைப்பே போய்விடும்.

ஆத்தங்குடிக் கல் விஷயத்தில்தான் அதிகம் சண்டை. எல்லோருக்கும் கணப்பின் முகத்தில் ஆத்தங்குடி பதிக்க ஆசை. பெயரைக் கேட்டு, சூளையில் சுட்ட ஓடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சூளையையே பார்க்காதது. கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவது. கண்ணாடியைத் தொட்ட முகம்தான் அந்த வழவழப்பு. நெருப்பு வாயைச் சுற்றிப் பதித்தால் ஒரே சீசனில் மயிரிழை விரிசல் ஓடும், நிறம் மங்கும். வாயிலிருந்து நாலடி தள்ளி உட்காரும் தரைக்குப் போடுங்கள், அங்கே அதற்கு ஈடே இல்லை. முட்டை வெள்ளைக்கருச் சுண்ணாம்புப் பூச்சுக்கும் இதேதான்: புகைக்கூண்டின் வெளிப்புறத்தில் பூசலாம், உள்ளே கூடாது.

சரி, அளவுக்கு வருவோம். வாய் மூன்றடி அகலம், மூன்றடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஆழத்தை இரண்டடி, இரண்டரை அடி என்று அடுப்பு மாதிரி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும், முன்னால் உட்கார்ந்தவருக்குப் புகை மட்டும் கிடைக்கும். 1790களில் ரம்ஃபோர்டு பிரபு என்று ஒருவர் லண்டன் கணப்புகளைத் திருத்திக் காட்டினார். ஆழத்தைக் குறை, பக்கச் சுவரைச் சாய்த்துத் திற என்பது அவர் வழி. வாய் மூன்றடி என்றால் பின்சுவர் ஒன்று, ஒன்றேகால் அடிதான், ஆழமும் அவ்வளவே. பக்கச் சுவர்கள் முறம் மாதிரி விரியும். அந்தச் சாய்வில் பட்டுச் சூடு வெளியே வரும்.

புகைக்கூண்டின் உள்ளளவு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். மூன்றுக்கு மூன்று ஒன்பது சதுர அடி, அதாவது 1,296 சதுர அங்குலம். பத்தில் ஒன்று 130. ஓரடிக்கு ஓரடி உள்ளளவு வைத்தால் 144 வரும், போதும். பலர் வெளியே கம்பீரமாகத் தெரிய வேண்டுமென்று வாயை ஐந்தடி ஆக்கிவிட்டு, உள்ளே ஆறங்குலக் குழாயை வைக்கிறார்கள். நான் சரி செய்யப் போகும் கணப்புகளில் முக்கால்வாசி இந்தக் கோளாறுதான். புகை மேலே போகாமல் மூஞ்சியில் அடிக்கிறதே என்பார்கள். போக வழி வைக்கவில்லையே!

ஒன்பது அங்குலம், நாலரை, மூன்று என்ற வழக்கமான அளவுத் தீக்கல்லை அகல முகம் தெரிய வைத்தால், இந்த அளவுக் கணப்புக்கு வெட்டு சேதம் சேர்த்து எழுபது கல் ஆகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தீக்களிமண் சாந்து, கால் அங்குலம்கூட வேண்டாம், மூன்று மில்லிமீட்டர். சாந்தைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, கல்லை அதில் முக்கி எடுத்து வைக்கச் சொல்கிறேன். முதலில் சிரித்த கொத்தனார்கள் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

தீக்கல் சுவருக்கும் வெளிச் செங்கல் சுவருக்கும் இடையே ஓரங்குலம் இடைவெளி விடுங்கள். உள்ளே இருப்பது தினம் விரியும், சுருங்கும். ஒட்டிக் கட்டினால் வெளிச்சுவரைத் தள்ளிப் பிளந்துவிடும். வாய்க்கு மேலே கான்கிரீட் லிண்டல் வேண்டாம். நம் கொத்தனார்களுக்கு வளைவு கட்டக் கைப்பழக்கம் உண்டு, செங்கல் வளைவாகவே கட்டச் சொல்லுங்கள். இரும்புப் பட்டைதான் என்றால் இரண்டு முனையிலும் விரிவதற்கு இடம் விட்டு வையுங்கள். எல்லாம் சேர்ந்து மூன்று நாலு டன் வரும், அதனால் தளத்தின் மேல் அப்படியே ஏற்றாமல் கெட்டி மண் வரை அஸ்திவாரம் தோண்டுங்கள்.

இடம் பார்ப்பதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. சாம்பிராணிக் கரண்டியை எடுத்துக்கொண்டு சாயங்காலம் தோட்டத்துக்குப் போய், நினைத்த இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மூன்று நாள் பார்த்தால் புகை எங்கே போகிறதென்று தெரியும். மார்கழி, தையில் நம் பக்கம் வடகிழக்குக் காற்று. புகை தென்மேற்கே போகும். அந்தத் திசையில் வீட்டின் பின்வாசல் இருந்தால் வேறு இடம் பாருங்கள். வளவு முற்றம், அதாவது வீட்டு நடுமுற்றம், திறந்திருக்கிற வீடு பெரிய புகைக்கூண்டு மாதிரி. முற்றத்தின் சூடான காற்று மேலே ஏற ஏற, பின்வாசல் வழியாகத் தோட்டத்துக் காற்றை உள்ளே இழுக்கும். ஒரு வீட்டில் இரண்டே சீசனில் பட்டாலை என்கிற கூடத்தின் தூண்களில் மேல் பகுதி கறுத்துப்போனது. கணப்பின் வாய் காற்றுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், தென்கிழக்கையோ வடமேற்கையோ பார்த்து. பின்முதுகில் காற்று அடித்தால் முன்னால் சுழன்று புகையை வெளியே இழுத்துவிடும்.

சுவரும் புகைக்கூண்டும் உள்ள கணப்பு என்றால் வீட்டிலிருந்து குறைந்தது பத்தடி. வெறும் குழியில் திறந்த நெருப்பு என்றால், அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீத்தடுப்பு விதி 25 அடி கேட்கிறது. கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், தலைக்கு மேல் தென்னை மட்டை, மின்கம்பி, இவையெல்லாம் பார்த்தாலே தெரியும். தெரியாத ஒன்று, தோட்டம் யாருடையது என்பது. வீடு எட்டுப் புள்ளிக்கு, அதாவது பங்குள்ள எட்டுக் குடும்பத்துக்கு, பொது என்றால் தோட்டமும் பொதுதான். சென்னையில் இருக்கும் ஒரு பங்காளிக்குச் சொல்லாமல் கட்டிய கணப்பை, சித்திரையில் அவர் வந்து பார்த்து இடிக்கச் சொன்னார். சூடு ஏறிப் பதப்பட்டுக்கூட இருக்காது அது.

கட்டி முடித்ததும் உடனே பற்ற வைக்காதீர்கள். ஒரு மாதம் காயட்டும். அப்புறம் ஒரு வாரம் தினமும் சின்ன நெருப்பு, நாளுக்கு நாள் கொஞ்சம் பெரிதாக. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கணப்புக்கும் மார்கழியில் இதே மரியாதை வேண்டும். கூண்டுக்கு மேல் ஒரு தொப்பி போட்டால் தண்ணீர் பாதி குறையும்.

விறகுக்கு நமக்குக் குறைவில்லை. சீமைக்கருவேலத்தை எவ்வளவு திட்டினாலும் தணலுக்கு அது நல்ல கட்டை. ஆறு மாதமாவது காய்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும், மொத்தென்று வந்தால் ஈரம். வேலியில் வெட்டிய அரளியை மட்டும் போட்டுவிடாதீர்கள், புகையே விஷம். பழுது பார்க்கும்போது மிஞ்சும் பழைய பெயிண்ட் அடித்த தேக்குத் துண்டுகளும் வேண்டாம், அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும். பிளைவுட்டும் கூடாது. பற்ற வைக்கப் பன்னாடையும் காய்ந்த பாளையும் ஒரு கற்பூரமும் போதும். பெட்ரோல் ஊற்றும் ஆளை அந்த இடத்திலிருந்தே அனுப்பிவிடுங்கள், அவர் மாப்பிள்ளையாக இருந்தாலும்.

விறகுக் குவியலில் கையை விடுவதற்கு முன் ஒரு கம்பால் தட்டுங்கள். விரியன் அங்கே இருக்கும். வருடத்தில் பத்து மாதம் சும்மா கிடக்கிற கணப்பின் உள்ளேயும்தான்.

இனி சொல்லப்போவது விடுதி நடத்துகிறவர்களுக்கு. ராத்திரி கடைசியில் தணல் அழகாக இருக்கும். விருந்தினர் யாராவது அதை ஒரு சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார். கூடாது. எரிந்து ஓய்ந்த தணலில்தான் கார்பன் மோனாக்ஸைடு அதிகம், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொடைக்கானல் பக்கம் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். கொட்டகையின் நாலு பக்கமும் தார்ப்பாய் இறக்கிவிட்டு நடுவில் நெருப்பு வைப்பதும் அறைக்குள் வைப்பதற்குச் சமம்தான்.

கையெட்டும் தூரத்தில் இரண்டு வாளி, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மணல். நைலான் துணி, பறக்கும் துப்பட்டா வேண்டாம். சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். பெரிய காயம் என்றால் ஆஸ்பத்திரிக்கு 108, தீ கைமீறினால் 101.

கானாடுகாத்தான் கணப்பை என் செலவில் இடித்துத் தீக்கல்லில் திரும்பக் கட்டினேன். போன தை மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பின்சுவரில் மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு சாந்து கோடு விட்டிருந்தது, ஒரு கரண்டி களிமண்ணில் சரியாகிவிடும். வீட்டுக்கார ஆச்சி சாம்பலை மூடி போட்ட ஒரு தகர டிரம்மில் கொட்டி, இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் தென்னைக்குப் போடுகிறார்களாம். டிரம்மைத் திறந்து காட்டினார்கள். மேலே வெள்ளையாக இருந்த சாம்பலைக் குச்சியால் கிளறினேன், முந்தின நாள் நெருப்பு இன்னும் உள்ளே சிவப்பாக இருந்தது.