கைதானவரின் மருத்துவ அறிக்கை யார் கைக்குப் போக வேண்டும்?

ஒருவரைக் கைது செய்தால், ரிமாண்டுக்கு முன்பு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், காவலில் வைக்கத்தக்க உடல்நிலையில் இருக்கிறார் என்ற 'ஃபிட்னஸ்' சான்று வாங்குவார்கள். போலீஸ் மெமோவை நீட்டுவார்கள், டாக்டர் பார்த்து எழுதித் தருவார், அதை ஃபைலில் வைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போவார்கள். இது போலீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலான காகித வேலை என்றே பல குடும்பங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனால் அந்த அறிக்கையின் நகலைப் பெற முதல் உரிமை கைதானவருக்குத்தான்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 53-வது பிரிவு (பழைய சட்டத்தில் 54) சொல்வது இது: கைதான உடனேயே அரசு மருத்துவர் அவரைப் பரிசோதிக்க வேண்டும், அரசு மருத்துவர் இல்லாவிட்டால் பதிவு பெற்ற வேறு மருத்துவர் செய்யலாம். கைதானவர் பெண் என்றால் பெண் மருத்துவரோ, அவரது மேற்பார்வையிலோதான் பரிசோதனை நடக்க வேண்டும். உடம்பில் காயமோ அடித்த தடயமோ இருந்தால், அது ஏறத்தாழ எப்போது ஏற்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ, அவர் சொல்கிற ஆளுக்கோ மருத்துவர் தர வேண்டும். இதற்குத் தனியாக மனு போடும்படி சட்டம் கேட்கவில்லை. 'ஸ்டேஷனில் போய் வாங்கிக்கோங்க' என்று யாராவது சொன்னால், கொடுக்கும் கடமை மருத்துவருடையது என்று பணிவாகவே நினைவூட்டலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று 51-வது பிரிவு. குற்றத்துக்கான தடயம் கிடைக்கும் என்று நம்பி, போலீஸ் கேட்டு நடக்கும் பரிசோதனை அது. ரத்தம், முடி, நகத்துணுக்கு, டி.என்.ஏ. எல்லாம் அதில் வரும். அந்த அறிக்கை தாமதமில்லாமல் விசாரணை அதிகாரிக்குப் போகும். 53 கைதானவரின் பாதுகாப்புக்கு, 51 வழக்குக்கு. இரண்டும் ஒரே மேஜையில் நடப்பதால் ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வெறும் 'ஃபிட்' என்ற ஒற்றைச் சொல் யாரையும் காப்பாற்றாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் மருத்துவமனைச் சான்றுக்குப் பிறகுதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். அடுத்த சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று மாவுக்கட்டோடு வரும் படங்களையும் நாம் பார்க்காதவர்கள் இல்லை. அதனால் எங்கே வலிக்கிறது, எப்படி அடிபட்டது என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, அதை எழுதச் சொல்ல வேண்டும். போலீஸ்காரர் பக்கத்தில் நின்றால் பேச வராது என்பது நிஜம். காது கேட்காத தூரத்தில் அவரை நிற்க வைக்கும்படி டாக்டரிடம் கேட்கலாம். காவல் நீண்டால், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, கைதானவரின் பழைய நோய்க் கதை முழுவதையும் ஆஸ்பத்திரி போலீஸிடம் கொட்டிவிடலாமா? கூடாது. நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதி. நீதிமன்றம் கேட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய் என்றால் மட்டும் விலக்கு. விசாரணைக்கு ஆவணம் வேண்டுமென்றால் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுத்தில் உத்தரவு தர வேண்டும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவு அதற்குத்தான். போனில் கேட்டதும் கேஸ் ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதில் சேராது. எச்.ஐ.வி. நிலைக்கு 2017-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் கெடுபிடியானது: பொதுவாக, சம்பந்தப்பட்டவரின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் வெளியிட முடியாது. மனநல சிகிச்சை விவரங்களுக்கும் அதே ஆண்டின் மனநலச் சட்டம் ரகசியக் காப்பு தருகிறது.

ஆனால் எல்லாவற்றையும் மறைப்பதும் ஆபத்து. இன்சுலின் போடுகிறவர், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர், டயாலிசிஸில் இருப்பவர் என்றால் போலீஸுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். காவலில் வைத்திருப்பவர்தான் அவருடைய உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பு என்கிறது அதே சன்ஹிதாவின் 56-வது பிரிவு. தெரியாத நோய்க்கு எப்படிப் பொறுப்பெடுப்பார்கள்? மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டின் ஜெராக்ஸையும் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். அப்புறம் இன்னொரு செட் வக்கீலிடம் இருக்கட்டும். சிறைக்குள் சேர்க்கும்போது அங்குள்ள மருத்துவர் மறுபடி பரிசோதிப்பார். ஸ்டேஷனில் கொடுத்த காகிதம் அவர் வரைக்கும் போய்ச் சேரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

நகல் கிடைக்கவில்லை, காயத்தை எழுதவில்லை என்றால் ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட்டிடமே சொல்லலாம். மறு பரிசோதனைக்கு அவர் உத்தரவிட முடியும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்குப் போன் செய்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.