கேஸ் ஃபயரைக் கழட்டிப்போட்டு விறகு எரிக்கப்போறியளோ?

லண்டன்ல பழைய வீடு வாங்கிற எங்கட ஆக்கள் கனபேர் ஹோல்ல நிக்கிற கேஸ் ஃபயரை, அதான் ஃபயர்பிளேஸுக்குள்ள பூட்டின கேஸ் ஹீற்றரைக் காட்டி, இதைக் கழட்டினா உள்ளுக்க நல்ல ஃபயர்பிளேஸ் ஒண்டு கிடக்கு, நத்தாருக்கு விறகு எரிக்கலாம்தானே எண்டு கேக்கினம். கேஸ் வேலை செய்யிற ஆள் எண்டபடியா சொல்லுறன், கவுன்சில் விடுற இடமெண்டா எரிக்கலாம், ஆனா "வால்வைப் பூட்டியாச்சு அண்ணை" எண்டா காணாது.

வால்வ் பூட்டியிருந்தாலும் அதுவரைக்கும் பைப்புக்குள்ள கேஸ் நிக்கும். கன வீடுகளில அந்தப் பைப் வாறதே ஃபயர்பிளேஸுக்குள்ளாலதான். செம்புப் பைப் ஜொயின்ற்றை ஒட்டி வைச்சிருக்கிற சோல்டர் 230 டிகிரிக்குக் கிட்ட உருகும், விறகு நெருப்பு லேசா 600ஐத் தாண்டும், மிச்சத்தை யோசிச்சுப் பாருங்கோ. அதால பைப்பை ஃபயர்பிளேஸுக்கு வெளியால வரைக்கும் வெட்டி, நுனிக்கு மூடி போட்டு, லீக் டெஸ்ட் செய்யவேணும். தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் இருக்கிறான் எண்டு அவனை விடாதேங்கோ, கேஸ் சேஃப் கார்ட் (கேஸ் வேலைக்குப் பதிவு செய்த ஆளெண்டு காட்டுற கார்ட்) இருக்கிற ஆள்தான் செய்யலாம். (இப்பவும் பழைய கோர்ஜி கார்ட் கேக்கிற ஆக்கள் இருக்கினம், அது 2009லயே கேஸ் சேஃபா மாறீட்டுது.) கார்ட்டின்ர பின்பக்கத்தையும் பாருங்கோ, அவர் என்னென்ன வேலை செய்யலாம் எண்டு அதிலதான் கிடக்கும்.

கனபேர் மறக்கிறது சிம்னியை. கேஸுக்கெண்டு சிம்னிக்குள்ளால விட்ட லைனர் குழாய் ஒற்றைத் தகடு, மெல்லிசு, விறகின்ர சூட்டுக்கும் தாருக்கும் அது நிண்டுபிடிக்காது, கழட்டத்தான் வேணும். மேல கேஸுக்குப் போட்ட மூடி இருந்தா அதையும் எடுக்கவேணும். 1960களுக்குப் பிறகு கட்டின சில வீடுகளில சிம்னியே கேஸுக்கு மட்டும் செய்த ஒடுங்கின கொங்கிறீட் பிளாக், அங்க விறகுக் கதையையே விட்டிடுங்கோ. மற்ற வீடுகளில சிம்னி துப்பரவாக்கி, புகை டெஸ்ட் செய்துபோட்டுத்தான் தீக்குச்சியைத் தொடவேணும். ஃபயர்பிளேஸுக்கு முன்னால 500 மில்லிமீற்றருக்காவது எரியாத தளமும் வேணும், கேஸ் ஃபயருக்குப் போட்ட மெல்லிய கல்லுக்குக் கீழ பலகை இருந்தா அது சரிவராது.

குளிருது எண்டு சுவரில காத்து வாறதுக்கு இருக்கிற ஓட்டைக் கல்லுக்கு (எயார் பிரிக்) துணி அடைஞ்சு வைக்கிற வீடுகளும் பாத்திருக்கிறன், எனக்குக் கோபம் வாற இடம் அதுதான். காத்து வராட்டி புகை மேல போகாது, கார்பன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயு அறைக்குள்ள நிக்கும், மணமும் இல்லை நிறமும் இல்லை, அதால அந்த அறையில கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். கேஸ் மணந்தா உடன 0800 111 999க்கு அடியுங்கோ.

இன்னொண்டு, லண்டன்ர பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டு ஏரியா. அங்க திறந்த ஃபயர்பிளேஸில விறகு எரிக்க விடமாட்டினம், அனுமதிச்ச புகையில்லா எரிபொருள்தான், மீறினா ஃபைன் இருக்கு. பைப் வெட்டக் காசு குடுக்க முதல் கவுன்சில்ல கேட்டுப்பாருங்கோ.