ஒரே குழல், நான்கு பெட்டித் தோட்டா

50 மீட்டரில் நான் போட்ட ஓட்டைகள் இலக்குத் தாளில் கடுகு தெறித்த மாதிரி கிடந்தன. கையில் துப்பாக்கி சுடும் மன்றத்தின் மலிவான பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்) ரைஃபிள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. சுட்டதும் போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் தாழை, இழுத்து அடுத்ததைக் கையால் வைக்க வேண்டும். பக்கத்து மேசை அங்கிள் எட்டிப் பார்த்தார். "துப்பாக்கியத் திட்டாத தம்பி, தோட்டாவ மாத்திப் பாரு."

சிங்கப்பூரில் தேசிய சேவையில் கொடுத்த தோட்டாவைச் சுட்டுவிட்டு வந்தவனுக்கு, தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்பதே புதுசு.

இந்த ரகத் தோட்டாவில், தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. ஈரமான மருந்தைச் சுழற்றி உள்ளே பரப்புவார்கள். ஒரு பக்கம் மெலிந்துவிட்டால் வெடிமருந்து பற்றும் விதம் மாறும், குண்டின் வேகமும் மாறும். ஒரு குண்டு நொடிக்கு 330 மீட்டரிலும் அடுத்தது 320 மீட்டரிலும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலே, மெதுவான குண்டு 50 மீட்டரில் 7 மில்லிமீட்டர் கூடுதலாகத் தாழும். ஒலிம்பிக் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்!

அடுத்தது குழல். மலிவுத் துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை கொஞ்சம் லூசாக இருப்பதுண்டு. மெத்தென்ற ஈயக் குண்டு அதில் சாய்ந்து நுழைந்தால், அந்தச் சாய்வோடே சுழலும். குழலை விட்டதும் ஓரமாய் விலகும். போதாததற்குச் சுடும்போது குழலே அதிர்கிறது. குழலின் வாய் எந்தப் பக்கம் அசைந்திருக்கும்போது குண்டு வெளியேறுகிறது என்பது அதன் வேகத்தைப் பொறுத்தது. அதனால்தான் ஒரே மாடலில் வந்த இரண்டு ரைஃபிள்களுக்குக்கூட ஒரே தோட்டா ஒத்துப்போவதில்லை.

வேகம் கூடினால் நல்லது என்று நினைத்துதான் முதலில் அதிவேகப் பெட்டியை எடுத்தேன். அது நொடிக்கு 380 மீட்டர் அளவில் கிளம்பும். நம் ஊர் 30 டிகிரிப் புழுக்கத்தில் ஒலியின் வேகம் சுமார் 349 மீட்டர். குண்டு வழியிலேயே வேகம் குறைந்து அந்த எல்லையைத் தாண்டி இறங்கும்போது காற்று அதை உலுக்குகிறது. போட்டித் தோட்டாக்கள் தொடக்கத்திலேயே ஒலியைவிட மெதுவாகப் போவது இதைத் தவிர்க்கத்தான்.

நான்கு பெட்டிகளைச் சோதித்தேன். ஒவ்வொன்றிலும் முதல் பத்து குண்டுகள் கணக்கில் இல்லை. முந்தைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு குழலில் ஒட்டியிருக்கும், அது போக வேண்டும். பிறகு பத்துப் பத்தாகச் சுட்டேன். மூன்று குண்டுகளை மட்டும் சுட்டுவிட்டு "ஆகா" என்பவர்களை நம்பாதீர்கள்: அதே துப்பாக்கி, அதே தோட்டா என்றாலும் மூன்று குண்டுகளின் பரவல் (ஓட்டைகளுக்கு இடையிலான அதிகபட்சத் தூரம்) சராசரியாகப் பத்தின் பரவலில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது.

விலை கூடியது மூன்றாவதாக வந்தது. சாதாரண வேகத்து மலிவுப் பெட்டிதான் முதலிடம். மறுமாதம் அதே பெயரில் இன்னொரு பெட்டி வாங்கினேன். மறுபடி கடுகு.

"லாட் எண் பாத்தியா?" என்றார் அங்கிள். ஒரே தொகுதியில் தயாரான தோட்டாக்களின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் அது. பர்ஸைத் திறந்தார். ஈசிலிங்க் பயண அட்டைக்குப் பின்னால், நாலாய் மடித்து, ஒரு பழைய தோட்டாப் பெட்டியின் மூடி.